இட்லி, தோசையை விடாமலே காலைச் சாப்பாட்டைச் சத்தாக்க முடியுமா?

"வீட்டில் தினமும் இட்லி, தோசை, பொங்கல்தான். ஓட்ஸை யாரும் தொட மாட்டார்கள். இதையே சத்தாக மாற்ற வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மதுரையில் ஓட்ஸுக்காக வீட்டில் மல்லுக்கட்டுவதைவிட மாவில் கை வைப்பது சுலபம்.

எல்லோரும் முதலில் அரிசியை விடச் சொல்வார்கள். நான் உளுந்தைக் கூட்டச் சொல்வேன். 100 கிராம் அரிசியில் புரதம் 8 கிராம் இருந்தாலே அதிகம்; உளுந்தில் அது 23 கிராமுக்குக் குறையாது. பல வீடுகளில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று நாலுக்கு ஒன்று கணக்கு, உளுந்து விலை ஏறிவிட்டால் ஐந்துக்கு ஒன்று. அதை மூன்றுக்கு ஒன்றாக்குங்கள். அதற்கு மேல் போனால் இட்லி பிசுபிசுத்துத் தட்டையாகிவிடும்.

முடிந்தால் தோலுள்ள கறுப்பு உளுந்தாக வாங்குங்கள். ஊறியதும் தோலை முழுக்கக் கழுவித் தள்ளாமல் பாதியை விட்டு ஆட்டினால் நார்ச்சத்து மாவிலேயே தங்கும். இட்லி கொஞ்சம் சாம்பல் நிறமாக வரும். பிள்ளைகள் முகம் சுளித்தால் முதலில் முறுகலான தோசையாக ஊற்றிக் கொடுங்கள், நிறமே தெரியாது.

அப்புறம் அரிசிக்கு வரலாம். அரிசியில் பாதியைக் குறைத்துக் குதிரைவாலி போடுங்கள். நம்ம பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரியில் விளைவதுதான். பளபளவென்று தீட்டியதை வாங்கினால் தவிட்டோடு நார்ச்சத்தும் போயிருக்கும், காசுதான் தண்டம். சித்திரை, வைகாசி வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும். ராத்திரி ஆட்டியதைப் பொங்கியவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆனால் ஒன்று, குதிரைவாலி மாதிரி சிறுதானியமும் மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவர்கள் "குதிரைவாலி இட்லிதானே" என்று இரண்டு சேர்த்துச் சாப்பிட்டால் பலன் இல்லை. காபியில் சீனிக்குப் பதில் கருப்பட்டி போடுவதும் அதே கதைதான். ருசி வேறு, சர்க்கரை சர்க்கரைதான்.

பொங்கலில் வேலை குறைவு. அரிசிக்குப் பாதி பாசிப்பருப்பு என்பதைச் சரிக்குச் சரியாக்கி, அரிசிக்குப் பதில் சாமை போட்டால் போதும். நெய்யை வேகும்போது ஊற்றாமல் மிளகு, சீரகம் தாளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக ஊற்றினாலும் மணம் நிற்கும்.

மதுரைக்காரர்களுக்கு இட்லியைவிடச் சட்னி முக்கியம். தேங்காயைப் பாதியாக்கி, மீதிக்கு வறுத்த வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ போட்டு அரையுங்கள். கூடவே புதினா, மல்லி, பிரண்டை என்று ஏதாவது ஒரு துவையல். கடைச் சாம்பார் தண்ணிச் சட்னி போல ஓடும், அதில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். வீட்டிலாவது பருப்பையும் காயையும் கூட்டி, கரண்டியில் நிற்கிற மாதிரி வையுங்கள்.

கேழ்வரகை மட்டும் இட்லிக்கு நான் சொல்ல மாட்டேன், சரியாக உப்பாது. ஆனால் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியத்தை விடவும் மனசு வராது. கேழ்வரகு மாவை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டுத் தோசையாக ஊற்றுங்கள். அடுப்பைக் குறைத்து மூடி வைத்து வேகவிட்டால் பச்சை வாசனை இருக்காது.