தொங்கு விளக்குகள்: திருகோணமலை வீடுகளுக்கான கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): எங்கள் வீடு கடலுக்கு அண்மையில் உள்ளது. சென்ற ஆண்டு மாட்டிய பளபளப்பான தொங்கு விளக்கு இப்போது துருப்பிடித்துவிட்டது. அடுத்து எதை வாங்குவது?

பதில்: மேலே மினுங்குவது மெல்லிய முலாம், உள்ளே இருப்பது இரும்பு. மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே கொண்டுவரும் உப்பு ஈரம், முலாமிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இறங்கி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கிவிடும். கடைக்குச் செல்லும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே இரும்புதான். பித்தளை கறுக்குமே தவிரத் துருப்பிடிக்காது, குத்துவிளக்கைப் போலப் புளி போட்டு மினுக்கியும் கொள்ளலாம் (மின்சாரத்தை நிறுத்திக் கழற்றிய பின்னர்தான்). கண்ணாடியும் மண்கலமும் நன்று. பிரம்புக் கூடு அழகாக இருந்தாலும், காற்றோட்டமில்லாத அறையில் மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். எதை வாங்கினாலும் திருகாணிகளையும் சங்கிலியையும் பாருங்கள். முதலில் அறுவது அவைதான். உலோக விளக்காயின் புவி இணைப்புக் கம்பியைக் கட்டாயம் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகர்): சாப்பாட்டு மேசைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் தொங்கவிடலாம்?

பதில்: மேசைப் பரப்பிலிருந்து விளக்கின் அடிப்பகுதி வரை 30 முதல் 36 அங்குலம். பலரும் தலையில் இடிக்கும் என்று அஞ்சிக் கூரையோடு ஒட்டவைத்துவிடுகிறார்கள். பிறகு அது தொங்கு விளக்கே அல்ல. அடியில் மேசை இருக்கும்வரை எவரும் அங்கே நடக்கப் போவதில்லை. நடைபாதையில் மட்டும் தரையிலிருந்து 7 அடி இடைவெளி விடுங்கள். ஒளி 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையான மஞ்சள் நிறமாயின் மீன்குழம்பின் நிறம் எடுப்பாகத் தெரியும்; வெள்ளை ஒளியில் அது சற்று வெளிறித் தோன்றலாம்.

கேள்வி (சாம்பல்தீவு): எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கிறது. அதோடு தொங்கு விளக்கும் கூடுமா?

பதில்: கூடாது. இதழ்களுக்கு மேலிருந்து ஒளி வந்தால் நிழல் துடித்துக் கண் நோகும். கீழே தொங்கவிட்டால் இதழில் படும். மேசையை நகர்த்துங்கள், அல்லது சுவர் விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (நிலாவெளி): ஓட்டுக் கூரை, அடியில் மெல்லிய பலகைச் சீலிங். பாரமான விளக்கு தாங்குமா?

பதில்: பலகை தாங்காது, அதற்கு மேலுள்ள மரவளையில் கொக்கி போட்டு, பாரம் வயரில் விழாமல் சங்கிலியில் விழச் செய்யுங்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் யன்னல்களைத் திறந்துவைப்பவரானால், சங்கிலிக்குப் பதிலாக விறைப்பான குழாயில் தொங்கும் விளக்கே ஆடாமல் நிற்கும்.