பலகையில் 'ஐயாட்டா' இருந்தால் போதுமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் மகளிடம் போக டிக்கெட் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம் நகரில் ஒரு பயண முகவர் நிலையத்தில் விலை குறைவாகச் சொல்கிறார்கள். பெயர்ப்பலகையில் 'ஐயாட்டா' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதை நம்பிக் காசு கட்டலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: பலகையை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். ஐயாட்டா என்பது 1945இல் ஹவானாவில் தொடங்கிய சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம். விமான நிறுவனங்கள் தங்களுக்காக வைத்திருக்கும் சங்கம் அது; அரச அமைப்பல்ல. அதன் அங்கீகாரம் பெற்ற முகவர் பல நிறுவனங்களின் டிக்கெட்டைத் தன் மேசையில் இருந்தே அடிக்கலாம். விற்ற காசைத் தவணை தவறாமல் பி.எஸ்.பி. என்ற பொதுக் கணக்கு முறையில் கட்ட வேண்டும். அதற்காகக் கணக்குவழக்கைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள். அந்த உத்தரவாதம் விமான நிறுவனங்களுக்கு வரவேண்டிய காசுக்குத்தான். முகவரிடம் நீங்கள் கொடுத்த முற்பணத்துக்கு அதில் இடமில்லை.

அங்கீகாரம் உண்மையா என்று பார்க்க வழி இருக்கிறது. முகவரின் எட்டு இலக்க ஐயாட்டா எண்ணைக் கேளுங்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம்: முதல் ஏழையும் ஒரே எண்ணாக எடுத்து 7ஆல் வகுத்தால் வரும் மீதி. உதாரணத்துக்கு 1234567ஐ வகுத்தால் மீதி 5, ஆகவே முழு எண் 12345675 என்று முடியும். மீதி 6ஐத் தாண்டாது; ஆகவே 7, 8, 9 என்று முடியும் எண்ணை யாராவது காட்டினால் அங்கேயே எழும்பி வரலாம். ஆனால் இன்னொருவரின் சரியான எண்ணைத் தன் பலகையில் எழுதிக்கொள்ள யாருக்கும் கஷ்டமில்லையே. அதனால் ஐயாட்டா இணையத்தளத்தில் 'செக் எ கோட்' என்ற பகுதியில் அந்த எண்ணைப் போட்டு, வரும் பெயரும் ஊரும் உங்கள் முகவருடையவைதானா என்று பாருங்கள். இன்னொன்று: டிக்கெட் அடிக்கும் உரிமை இல்லாத முகவர்களுக்கும் 'டிட்ஸ்' என்ற பெயரில் ஐயாட்டா ஓர் அடையாள எண் கொடுக்கிறது. அது அங்கீகாரம் ஆகாது.

அங்கீகாரம் இல்லாத நிலையம் என்றால் மோசடி என்று அர்த்தமில்லை. சிறிய நிலையங்கள் கொழும்பில் உள்ள பெரிய முகவரிடம் டிக்கெட் அடிப்பித்து எடுத்துக் கொடுப்பது வழமை. அப்படியானால் டிக்கெட்டில் 'இஷ்யூயிங் ஏஜென்ட்' என்ற இடத்தில் அந்தக் கொழும்பு முகவரின் பெயர்தான் வரும். "யாரிடம் அடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் நேர்மையானவர் உடனே சொல்வார். மழுப்புகிறவரிடம் நான் என்றால் எடுக்கமாட்டேன். இலங்கையில் விமான டிக்கெட் விற்கும் முகவருக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரமும் தேவை. அது சுவரில் மாட்டியிருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: முழுக் காசும் கட்டிவிட்டேன். வட்ஸ்அப்பில் ஆறு எழுத்துக் குறி உள்ள ஒரு தாள் அனுப்பினார்கள். 'எச்.கே.' என்றும் போட்டிருக்கிறது. இதுதான் டிக்கெட்டா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இல்லை. அந்தக் குறி பி.என்.ஆர்., அதாவது முன்பதிவு. எச்.கே. என்றால் ஆசனம் உறுதி. ஆனால் காசு கட்டி டிக்கெட் அடித்தாயிற்று என்று அது சொல்லவில்லை. கெடு முடிவதற்குள் டிக்கெட் அடிக்காவிட்டால் முன்பதிவு தானாகவே கழன்றுவிடும், கட்டுநாயக்கவில் போய் நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

நீங்கள் கேட்க வேண்டியது 13 இலக்க டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்துக்குரியது: ஸ்ரீலங்கன் 603, எமிரேட்ஸ் 176, கட்டார் எயார்வேய்ஸ் 157. இரண்டு நிறுவனங்களின் விமானத்தில் மாறிப் போனாலும் டிக்கெட்டை அடித்த நிறுவனத்தின் எண்தான் இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம்.

எண் கிடைத்ததும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். முகவர் கலிலியோ, சேபர் போன்ற முகவர்களுக்கான கணினி முன்பதிவு முறையில் பதிந்திருந்தால் அவருடைய குறியும் நிறுவனத்தின் குறியும் வேறாக இருக்கலாம். "எயார்லைன் ரெஃபரன்ஸ் என்ன?" என்று கேளுங்கள். அப்புறம், அடுத்த நாளும் ஒருமுறை பாருங்கள். அடித்த டிக்கெட்டை அன்றைக்கே 'வொய்ட்' பண்ணிவிட, அதாவது இரத்துச் செய்துவிட, முகவரால் முடியும். பின்னேரம் அனுப்பிய பி.டி.எஃப். மட்டும் உங்கள் கையில் இருக்கும். டிக்கெட்டின் நிலை 'ஓபன்' (இன்னும் பயன்படுத்தாத, செல்லுபடியாகும் டிக்கெட்) என்று இருக்கிறதா என்பதை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

பலாலியில் இருந்து சென்னைக்குப் போகும் இண்டிகோ போன்ற மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் ஆறு எழுத்துக் குறியே போதும். அங்கேயும் அவர்களுடைய தளத்தில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பற்றுச்சீட்டு வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. டிக்கெட் எண் தராமல் இழுத்தடித்தால் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977 என்ற இலக்கத்தில், முறையிடுங்கள்.

கேள்வி: டிக்கெட்டோடு போலந்தில் வேலையும் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். ஐயாட்டா சான்றிதழும் காட்டினார்.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அந்தச் சான்றிதழுக்கும் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்திலேயே உறுதி செய்யும்வரை கடவுச்சீட்டைக்கூடக் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பயணப் பொதியில் ஒட்டிய துண்டில் 'வை-வை-இசட்' என்று இருந்தது. ரொறன்ரோவுக்குத்தானே போனோம்?
– வாசகி, நல்லூர்

பதில்: அது ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் குறிதான். கனடாவின் பெரிய விமான நிலையங்களின் குறிகள் 'வை'யில்தான் தொடங்கும். கொழும்புக்கு சி-எம்-பி, சென்னைக்கு எம்-ஏ-ஏ, நம்முடைய பலாலிக்கு ஜே-ஏ-எஃப். இடையில் டோஹாவிலோ டுபாயிலோ விமானம் மாறினாலும் துண்டில் கடைசி ஊரின் குறி இருக்க வேண்டும். இடையில் உள்ள ஊரோடு துண்டு முடிந்தால், பொதி பட்டியில் ஏறிப் போவதற்கு முன்பே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.