சிக்கன் வெந்தும் ரோஸ் கலரா இருக்கே, சாப்பிடலாமா? கேட்டவங்களுக்கு பதில்

கேள்வி: அண்ணா, நேத்து லெக் பீஸ் போட்டு குழம்பு வச்சேன், குக்கர்ல நாலு விசில். பிச்சா எலும்பு ஓரம் கருஞ்சிவப்பா இருக்கு. மாமியார் வேகலன்னு சொன்னாங்க, அப்படியே கொட்டிட்டேன். சரிதானா?

பதில்: கொட்டியிருக்க வேணாம்மா, மனசு கஷ்டமா இருக்கு. குக்கருக்குள்ள சூடு 100 டிகிரியத் தாண்டி 120 கிட்ட போகும், நாலு விசில்ல கறி வேகாம இருக்காது. நீங்க பார்த்தது மஜ்ஜையோட கலர். பிராய்லர் கோழிய 40 நாள் சுமாருக்கே வெட்டிடறாங்க, அந்த வயசுல எலும்பு முழுசா கெட்டிப்பட்டிருக்காது, பொடிப்பொடி ஓட்டையா இருக்கும், அது வழியா உள்ள இருக்கற சிவப்பு கசிஞ்சு பக்கத்துக் கறில ஊறிடும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறின்னா இன்னும் ஜாஸ்தி. அடுத்த தடவ அந்த எலும்ப ஒடிச்சுப் பாருங்க, உள்ள அதே கலர்தான் இருக்கும். முத்தின நாட்டுக்கோழில இது அவ்வளவா வராது.

கேள்வி: அப்ப ரோஸா இருந்தா பயமில்லன்னு எடுத்துக்கலாமா?

பதில்: ஐயோ, அப்படி எடுத்துக்காதீங்க. கலர வச்சு வெந்துடுச்சுன்னும் சொல்ல முடியாது, வேகலன்னும் சொல்ல முடியாது. ஒரு தடவ மேல பளிச்சுனு வெள்ளையா இருந்த முழுக்கோழி, தொடைல தெர்மாமீட்டர குத்தினேன், 62தான் காட்டுச்சு, திரும்ப அடுப்புல ஏத்திட்டேன். சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் மாதிரி கிருமி சாகணும்னா கறியோட தடிச்ச எடத்துல 74 டிகிரி செல்சியஸ் வரணும். முனை எலும்புல படாம குத்துங்க, பட்டா தப்பா காட்டும்.

கேள்வி: தெர்மாமீட்டர்லாம் இல்லீங்க, என்ன பண்றது?

பதில்: சின்ன பீஸா வெட்டின குழம்புக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம், மூடி போட்டு நல்லா தளதளன்னு கொதிக்கற குழம்புல 20, 25 நிமிஷம் கிடந்தா போதும். ஆனா பெரிய தொடைய எடுத்து நடுவுல கீறிப் பாருங்க, கறி ஜெல்லி மாதிரி வழவழன்னு கண்ணாடியாட்டம் இருந்து எலும்ப விட்டுப் பிரியலன்னா அது பச்சைதான், திரும்பப் போடுங்க. முழுக்கோழி, கிரில்னு அடிக்கடி பண்றவங்க மட்டும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, பெரிய விலை இல்ல.

கேள்வி: கரி அடுப்புல சுட்டா தோலுக்குக் கீழ ரோஸா ஒரு வளையம் வருது, அது?

பதில்: அது புகைல இருக்கற வாயு பண்ற வேலை. கறில மையோகுளோபின்னு ஒரு சிவப்புச் சத்து இருக்கு, வழக்கமா சூட்டுல அது மங்கி வெளிறிடும், ஆனா கரி புகைல வர்ற கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் அதோட ஒட்டிக்கிட்டா ரோஸ் அப்படியே நின்னுடும். ஓரமா மட்டும் இருந்து நடுவுல நல்லா வெந்திருந்தா தாராளமா சாப்பிடுங்க.

கேள்வி: கடைல வாங்கின சிக்கன் 65 பிச்சா உள்ள ரோஸா இருந்துச்சு, ரெண்டு வயசுப் பையனுக்குக் குடுக்கலாமா?

பதில்: வெளிய இருக்கற சிவப்பு மிளகாத்தூளோ கலர் பவுடரோ, அத விடுங்க, உள்ளதான் பார்க்கணும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து ஐஸ் விடாமலே எண்ணெய்ல போட்டா மேல மொறுமொறுன்னு ஆகிடும், நடு பச்சையாவே நிக்கும். சின்னப் பிள்ளைக்கு சந்தேகத்தோட குடுக்காதீங்க தம்பி. பீஸ ரெண்டா கீறி, கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி, பத்து நிமிஷம் வேக வச்சு, அப்புறம் பிச்சுப் பார்த்துக் குடுங்க.