தறி அண்ணனுடையது, நகை உங்களுடையது

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): பெங்களூரு யஷ்வந்த்பூரில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். வயது 34. வளிமண்டல அறிவியலில் பி.எச்டி. முடித்து, ஆராய்ச்சி உதவியாளராக (ரிசர்ச் அசோசியேட்) மூன்றாம் நிலையில் 67,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் சேர்த்து மாதம் 87,000 வாங்குகிறேன். 8 மாதத்தில் ப்ராஜெக்ட் முடிகிறது. பேராசிரியர் வேலைக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. வெள்ளம், வறட்சியால் கடன்களுக்கு வரும் ஆபத்தைக் கணிக்கும், வங்கிகளின் காலநிலை இடர் பிரிவுக்குப் போக ஆசை. அதற்கான ஆன்லைன் படிப்பு 4.5 லட்சம், தவணையில் கட்டலாம். சேரலாமா? பசுமை ஃபண்டில் மாதம் 10,000 எஸ்.ஐ.பி. போடலாமா? பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அண்ணனுக்காக என் 25 சவரன் 9 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது. 24 லட்சம் பேக்கேஜ் கிடைத்தால் ஒரே வருடத்தில் மீட்டுவிடுவேன்.

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் நகை விஷயத்தைக் கடைசி இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் வைத்தது 4 லட்சத்துக்கு. அடுத்த வருடம் வட்டியை மட்டும் கட்டி 5.5 லட்சத்துக்குத் திருப்பி வைத்தீர்கள். அப்புறம் 7, இப்போது 9. தங்கம் விலை ஏற ஏற கடையில் கூடுதலாகத் தருகிறார்கள், அது உடனே தறிக்குப் போகிறது. 11 சதவீதத்தில் இதுவரை நீங்கள் கட்டிய வட்டி 44,000, 60,500, 77,000. ஆக 1.8 லட்சத்துக்கு மேல். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அண்ணன் திருப்பித் தந்தது ஒரே தடவை, 20,000.

வாடகை 22,000, வீட்டுச் செலவும் அம்மா மருந்தும் 30,000, நகை வட்டி மாதக் கணக்கில் 8,250. மொத்தம் சுமார் 60,000. மாதம் 27,000 மிஞ்ச வேண்டும். ஆனால் சேமிப்புக் கணக்கில் 70,000தான் இருக்கிறது. ‘அவசரம்னா அண்ணன் ஜிபே கேட்பார்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். துறை மாறுகிறவருக்கு ஆறு மாதச் செலவாவது கையில் வேண்டும். ஃபெலோஷிப் பணம் மூன்று மாதம் சேர்ந்து வருகிற கொடுமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

24 லட்சத்தை 12 ஆல் வகுத்து 2 லட்சம் என்று எண்ணாதீர்கள். அதில் வேலையைப் பொறுத்து கூடிக் குறையும் வேரியபிள் பகுதி இருக்கும், கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி இருக்கும், வரி போகும். கைக்கு 1.4 லட்சம் வந்தால் பெரிது. அதுவும் உங்கள் தோழிக்குக் கிடைத்த சம்பளம், உங்களுக்கு வந்த ஆஃபர் இல்லை. அந்தத் தொகை அண்ணன் காதுக்குப் போய், ஆட்டோ லூம் வாங்க 5 லட்சம் கேட்டும் விட்டார்!

எனவே நகையை விற்றுவிடுங்கள், எல்லாவற்றையும் அல்ல. கிராம் 11,000 என்று வைத்துக்கொண்டால் 10 சவரன் 8.8 லட்சம். சேதாரம், கழிவு போக 11 சவரன் என்று கணக்கிடுங்கள். மூலதன ஆதாய வரி எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா அழுவார், தெரியும். ஆனால் 14 சவரன் பீரோவுக்குத் திரும்பி வரும். வட்டி நின்றால் மாதம் 35,000 மிஞ்சும். 8 மாதத்தில் 2.8 லட்சம், இருப்போடு சேர்த்து 3.5 லட்சம். ஆறு மாதச் செலவு 3.12 லட்சம்தான். அண்ணனுக்குத் தறி வாங்க முத்ரா கடன் இருக்கிறது. அவர் பெயரில் வாங்கட்டும், அவர் தவணை கட்டட்டும்.

துறை நிஜமானதுதான். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் நிறுவனங்களுக்கு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. வங்கிகள் காலநிலை இடரை வெளியிட ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வரைவு விதி கொண்டுவந்தது. ஆனால் 4.5 லட்சம் படிப்பின் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். பாதி, புவி ஏன் சூடாகிறது என்பது. அதை நீங்கள்தான் அவர்களுக்கு நடத்த வேண்டும். உங்களுக்குத் தெரியாதது வேறு: வீட்டுக் கடன் எப்படி வாராக்கடன் ஆகிறது, ஈடு சொத்தின் மதிப்பு சரிந்தால் வங்கி என்ன செய்யும் என்பது. இடர் மேலாண்மைத் துறையினரின் சர்வதேச அமைப்பான கார்ப் (GARP) நடத்தும் எஸ்.சி.ஆர். என்ற காலநிலை இடர் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கலாம், செலவு அந்த 4.5 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. கூடவே ஒரு வேலை செய்யுங்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், மகாதேவபுரா பக்கம் தண்ணீர் நின்ற இடங்களை எடுத்து, உங்கள் மழைத் தரவை வைத்து, அங்கே 20 வருட வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கு என்ன ஆபத்து என்று பத்து பக்கம் எழுதுங்கள். நேர்காணலில் சான்றிதழை விட அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

பசுமை ஃபண்ட்? பெயரில்தான் பச்சை. பட்டியலைத் திறந்தால் பெரிய வங்கிகளும் ஐ.டி. கம்பெனிகளும் முன்னால் நிற்கும். 11 சதவீத வட்டி கட்டிக்கொண்டு எதற்கு எஸ்.ஐ.பி.?

அடுத்த மாதம் 14 ஆம் தேதி அடகைப் புதுப்பிக்கும் நாள் என்கிறீர்கள். ‘இன்னும் 3 லட்சம் தரலாம் மேடம்’ என்று கவுண்டரில் சொல்வார்கள். தலையாட்ட வேண்டாம். அதற்கு முன்பே விற்பதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள், கணக்கை முடித்த ரசீதை அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.