பந்து கோட்டைத் தாண்டியது, நடுவர் கோல் தரவில்லை: மனு கொடுத்தால் முடிவு மாறுமா?

கேள்வி: குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் இளைஞர் மன்றக் கால்பந்து அணிக்குச் செயலாளராக இருக்கிறேன். பக்கத்து ஊர்ச் சுழற்கோப்பைத் தொடரின் இறுதியாட்டம் 1-1 என்று இருந்தபோது, எங்கள் பையன் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அடுத்த நிமிடமே எதிரணி கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டது. பந்து உள்ளே விழுந்தது மொபைல் காணொளியில் தெளிவாகத் தெரிகிறது. சங்கத்தில் பேசி மறுஆட்டம் வாங்கித் தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். அடுத்த ஆண்டு எங்கள் ஊர்த் தொடருக்குக் 'கோல் லைன் கேமரா' பொருத்தித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முடிவு மாறாது. மீதி 20,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கால்பந்தின் ஐந்தாவது விதி நடுவரைப் பற்றியது. கோல் விழுந்ததா, இல்லையா, ஆட்டத்தின் முடிவு என்ன என்பது உட்பட, களத்தில் நடந்ததைப் பற்றி அவர் எடுக்கும் முடிவே இறுதியானது என்று அது சொல்கிறது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. உங்கள் ஆட்டத்தில் எதிரணி கோல் போட்டபின் நடுவட்டத்தில் பந்தை வைத்து விசில் ஊதும்வரை நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் உங்கள் கேப்டன் நடுவரிடம் போய், "துணை நடுவரை ஒருமுறை கேளுங்கள் ஐயா" என்று பணிவாகச் சொல்லியிருக்கலாம். துணை நடுவர் பார்த்திருந்தால் உங்கள் கோல் கணக்கில் ஏறி, அவர்களுடையது இல்லாமல் போயிருக்கும். வழக்கமாக அந்த நேரத்தில் நடப்பதென்ன? பதினோரு பேரும் நடுவரைச் சூழ்ந்து கத்துவார்கள். அவர் மஞ்சள் அட்டையைத் தேடுவாரே தவிரத் துணை நடுவரைத் தேட மாட்டார்.

காணொளி இருக்கிறதே என்பீர்கள். 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்த இந்தியா–கத்தார் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். சாங்தே போட்ட கோலால் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. 73-வது நிமிடத்தில் நம் கோல் கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. வெளியே போன பந்தைக் கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்துத் தர, யூசுப் அய்மன் வலைக்குள் தட்டினார். நம் வீரர்கள் ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து நின்றார்கள். தென்கொரிய நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் காணொளி உதவி நடுவர் கிடையாது. இந்தியா 2-1 என்று தோற்றுத் தொடரிலிருந்தே வெளியேறியது. பந்து வெளியே போனதை உலகமே பார்த்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விசாரணை கேட்டுப் புகார் எழுதியது. முடிவு ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரு நாட்டின் கூட்டமைப்பே எழுதிக் கேட்டுக் கிடைக்காததை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து 25,000 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் உங்கள் ஆள்.

இப்படிப்பட்டவர்களைப் பல மாவட்டங்களில் பார்த்துவிட்டேன். பேச்சு எங்கும் ஒன்றுதான்: "சங்கத்தில் நம்ம ஆள் இருக்கிறார், நடுவரின் அறிக்கை இன்னும் மேலே போகவில்லை, இன்றைக்கே கொடுத்தால் மாற்றி எழுதிவிடலாம்." அறிக்கை போய்விட்டதா என்பதே அவருக்குத் தெரியாது. தோற்ற அணியின் கோபம் ஆறுவதற்குள் பணத்தைப் பிடுங்க வேண்டும் என்பதால்தான் அந்த அவசரம். சிலர் இதே வேலையை இரண்டு பக்கமும் செய்வார்கள். உங்களிடம் மறுஆட்டம் வாங்கித் தருவதாகவும், ஜெயித்த அணியிடம் மறுஆட்டம் வராமல் தடுப்பதாகவும் சொல்வார்கள். மறுஆட்டம் எப்படியும் வராது என்பதால் இரண்டாவது பேரத்தில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் ஆகிவிடுகிறார்! முறையான எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் உண்டென்றால் அது தொடரின் விதித்தாளில் அச்சாகியிருக்கும். அதைத் தொடர் கமிட்டியிடம் கட்டி ரசீது வாங்க வேண்டும். ரசீது தராத கை எதுவாக இருந்தாலும் அதில் பணம் வைக்காதீர்கள்.

இத்தகைய ஆட்கள் தழைப்பதற்குச் சங்கங்களும் காரணம். மனு கொடுத்தால் மாதக்கணக்கில் பதில் வராது. வந்தாலும் 'பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி. ஏன் என்று இரண்டு வாக்கியம் எழுத யாருக்கும் நேரமில்லை. கோப்பை வழங்கும் மேடையில் பொன்னாடை போர்த்த மட்டும் இருபது பேருக்கு நேரம் இருக்கிறது. காரணம் சொல்லாத இடத்தில் தரகர் காரணம் சொல்லத் தொடங்குகிறார்.

மறுஆட்டம் கிடைத்த வழக்கே இல்லையா என்றால், இருக்கிறது. 1994-இல் ஜெர்மனியில் பந்து கம்பத்துக்கு வெளியே போனதைக் கோல் என்று கொடுத்துப் பிறகு ஆட்டத்தையே திரும்ப நடத்தினார்கள். அதை மறந்துவிடுங்கள். அதே ஜெர்மனியில் 2013-இல் லெவர்குசன் வீரர் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து பக்கவலையின் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது. அதுவும் கோல் ஆனது. எதிரணி ஹோஃபன்ஹைம் மனு கொடுத்தது. 'நடுவர் கண்டது கண்டதுதான்' என்ற அடிப்படையில் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

நீங்கள் உண்மையில் புரிந்துகொள்ள வேண்டிய விதிவிலக்கு வேறு. நடுவர் நடந்ததைத் தவறாகப் பார்ப்பது ஒன்று. சரியாகப் பார்த்துவிட்டு விதியைத் தவறாகப் பயன்படுத்துவது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து கிடையாது, இரண்டாவதற்கு உண்டு. 2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் உலகக் கோப்பைத் தகுதிக்காக மோதின. உஸ்பெகிஸ்தான் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது அதற்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்து வலைக்குள் போனது. ஆனால் பந்தை உதைப்பதற்கு முன்பே உஸ்பெக் வீரர் ஒருவர் பெனால்டி எல்லைக்குள் ஓடிவந்துவிட்டார். ஜப்பானிய நடுவர் அதைச் சரியாகவே பார்த்தார். விதிப்படி பெனால்டியைத் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். அவர் கண்டதில் பிழையில்லை, கொடுத்த தீர்ப்பு விதிப்புத்தகத்தில் இல்லை. உஸ்பெகிஸ்தான் தரப்பு புகார் செய்தது. ஆட்டத்தில் 1-0 என்று ஜெயித்திருந்தும், தங்களுக்கு 3-0 என்று வெற்றி வழங்க வேண்டும் என்று கேட்டார்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபா என்ன செய்தது தெரியுமா? ஆட்டத்தையே ரத்துசெய்து, முதலிலிருந்து நடத்தச் சொன்னது. திரும்ப நடந்த ஆட்டம் 1-1. அடுத்து பஹ்ரைனின் மனாமாவில் நடந்தது 0-0. இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமநிலை என்பதால், எதிரணி மைதானத்தில் போட்ட கோலின் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. புகார் கொடுத்தவர்கள் கையிலிருந்த வெற்றியையும் இழந்தார்கள்.

உங்கள் வழக்கு இந்த வகையில் வராது. நடுவர் பந்து கோட்டைத் தாண்டவில்லை என்று நினைத்தார். தாண்டாத பந்து கோல் இல்லை என்ற விதியைச் சரியாகவே பயன்படுத்தினார். 'முழுப் பந்தும் தாண்டியது, ஆனாலும் கோல் தர மாட்டேன்' என்று அவர் அறிக்கையில் எழுதியிருந்தால் சொல்லுங்கள், நானே மனு எழுதித் தருகிறேன்.

உங்கள் காணொளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்ட வேண்டும் என்பது பத்தாவது விதி. பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். கோடு 12 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது. கோட்டின் பின்விளிம்புக்கு மேலே பந்தின் ஓரம் நூலளவு நின்றாலும் கோல் இல்லை. 2019 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியின் ஸ்டோன்ஸ் கோட்டில் தடுத்து வெளியேற்றிய பந்து, லிவர்பூலுக்குக் கோல் ஆக இன்னும் சுமார் 11 மில்லிமீட்டர்தான் பாக்கி இருந்தது. மொபைல் வழக்கமாக நொடிக்கு 30 படம் பிடிக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 80 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்து தரையில் பட்ட கணம் உங்கள் காணொளியில் இருக்கிறதா என்பதே சந்தேகம். போதாக்குறைக்கு, கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நின்று எடுத்த படத்தில், காற்றில் இருக்கும் பந்து உண்மையான இடத்தில் தெரியாது. உங்களுக்குத் 'தெளிவாகத்' தெரிவது எதிரணிக்காரர் எடுத்த காணொளியில் அவருக்கும் அதே தெளிவோடு வேறுமாதிரி தெரியும்.

இதனால்தான் 'கோல் லைன் கேமரா' வியாபாரியிடமும் ஜாக்கிரதை என்கிறேன். உண்மையான கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு 2012 ஜூலையில்தான் கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேசக் குழு அனுமதி கொடுத்தது. 2014 உலகக் கோப்பையில் மைதானத்துக்கு 14 அதிவேகக் கேமராக்கள் வைத்து, பந்து தாண்டியதும் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி போகும்படி செய்தார்கள். செலவுக்குப் பயந்து ஸ்பெயினின் முதன்மைத் தொடரே அதை வாங்காமல் இருந்தது. 2024 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக பார்சிலோனாவின் யமால் தட்டிய பந்து கோட்டைத் தாண்டியதா என்று அங்கே இன்றும் சண்டை. பணம் கொட்டியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2020 ஜூன் 17 அன்று இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா கோல் கீப்பர் பந்தைக் கையில் பிடித்தபடியே கோட்டுக்குள் போய்விட்டார். ஏழு கேமராக்களையும் ஆட்கள் மறைத்துக்கொண்டதால் நடுவரின் கடிகாரம் அசையவில்லை. அந்தக் கேமராக்களை அமைத்த நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. உங்கள் ஊரில் இரண்டு சிசிடிவி பெட்டியைக் கம்பத்தில் கட்டிவிட்டு அதே பெயரைச் சொல்லப் போகிறார்கள். தவிர, நடுவர் காணொளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் அந்தத் தொடருக்குத் தனி அனுமதி வேண்டும். கமிட்டி ஒருநாள் மொபைலைக் காட்டிவிட்டால் மறுநாள் ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் பத்து மொபைல் நீளும்.

அந்தப் பணத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கூடுதல் துணை நடுவர்கள் என்று இருவரை நியமிக்க விதியே இடம் தருகிறது. ஒவ்வொரு கோல் கோட்டருகிலும் ஒருவர். 2012 யூரோ என்னும் ஐரோப்பியக் கோப்பைத் தொடரில் உக்ரைனின் டெவிச் அடித்த பந்து கோட்டைத் தாண்டியதை, பக்கத்திலேயே நின்ற அப்படி ஒருவரும் கவனிக்கத் தவறினார் என்பது உண்மைதான். ஆனாலும் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராக, கோட்டிலிருந்து பதினைந்து இருபது மீட்டர் தள்ளி நிற்கும் துணை நடுவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நடுவர்களுக்குப் படியை ஆட்டம் முடிந்த அன்றே கொடுங்கள். பஸ் காசுக்கும் பற்றாத படியை மூன்று மாதம் இழுத்தடித்துக் கொடுத்தால் அனுபவசாலிகள் உங்கள் ஊர்ப்பக்கம் வர மாட்டார்கள்.

கோட்டையும் கவனியுங்கள். மணல் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடிக் கோடு முதல் பாதி முடிவதற்குள் காலடியில் கலைந்துவிடும். இடைவேளையில் இரண்டு கோல் வாய்களிலும் திரும்பப் போடுங்கள். கோட்டின் அகலமும் கம்பத்தின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். சவுக்குக் கம்பை நட்டு, அதற்கு முன்னால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கோடு இழுத்துவைத்தால் எந்த நடுவராலும் எதையும் சரியாகச் சொல்ல முடியாது. வலையில் ஓட்டை இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் பார்க்கச் சொல்லி மீனவ ஊருக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை.

அடுத்த முறை கோபத்தில் களத்தைவிட்டு வெளியேற மட்டும் நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் பெங்களூரு அணியுடன் மோதியபோது, அந்த அணியின் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலை ஏற்க மறுத்துக் கேரள பிளாஸ்டர்ஸ் அணி வெளியேறியது. கோல் நின்றது, மறுஆட்டக் கோரிக்கை தள்ளுபடியானது, 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. உங்கள் மன்றத்துக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு விழுந்தாலே பூட்டுப் போட வேண்டியதுதான். நடுவரின் மொபைல் எண்ணைக் குழுக்களில் பரப்பும் பையன்களையும் அடக்கிவையுங்கள்; அதற்குத் தண்டனை உண்டு, முடிவுக்கு மாற்றம் இல்லை.

கொடுத்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், இரண்டு மன்ற உறுப்பினர்கள் கையெழுத்திடட்டும். 'மேலே கொடுத்துவிட்டேன்' என்று சொன்னால் யாருக்கு, எந்தத் தேதியில் என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். அப்போதே பெரும்பாலும் பணம் வந்துவிடும். வராவிட்டால் அந்தத் தாள்களோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். மன்றத்தின் கணக்குப் புத்தகத்தில் அதை 'எதிர்ப்பு மனுக் கட்டணம்' என்று எழுதி வைத்திருந்தால் இன்றே அடித்துவிட்டு, 'வரவேண்டிய பாக்கி' என்று அந்த ஆளின் பெயரைப் போட்டு எழுதுங்கள்.