கேளுங்கள், சொல்கிறோம்: பொங்கலுக்கு ரெண்டு, தீபாவளிக்கு ரெண்டு!

கேள்வி: பண்டிகை வந்தால் ரெண்டு பெரிய படங்களை ஒரே நாளில் இறக்கிவிடுகிறார்களே, ஒன்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் என்ன குறைந்துவிடும்?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: காசு குறைந்துவிடும், வேறென்ன! பெரிய படத்துக்கு முதல் நாலைந்து நாள் வசூல்தான் உயிர். லீவும் வாரக்கடைசியும் சேர்ந்து வந்தால், மற்ற நாளில் தியேட்டர் பக்கமே போகாத ஆட்கள்கூட குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். டிக்கெட் காசில் விநியோகஸ்தருக்கு முதல் வாரம்தான் பெரிய பங்கு, வாரம் போகப் போக அது இறங்கும், அதோடு இப்போது நிறையப் படங்கள் நாலு வாரத்தில் போனுக்கே வந்துவிடுகின்றன, அப்புறம் யார் ஆற அமரத் தியேட்டருக்குப் போவது? அதனால் ஜன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டு பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி, படப்பிடிப்பு முடியும் முன்பே திகதியைப் பிடித்துவிடுகிறார்கள். 2019 பொங்கலுக்கு ‘பேட்ட’யும் ‘விஸ்வாச’மும் ஒரே நாள், ஜனவரி 10, இரண்டுமே ஓடின. அதே வருஷம் தீபாவளிக்கு ‘பிகில்’ வந்த அன்றே பாட்டும் இல்லாமல் கதாநாயகியும் இல்லாமல் ‘கைதி’ வந்து ஜெயித்தது. ஆனால் அதைப் பார்த்துச் சின்னப் படக்காரர்கள் ஆசைப்படக் கூடாது. பெரிய படங்கள் திரைகளை அள்ளிய பிறகு மிஞ்சுவது ஆளில்லாத காலைக் காட்சிதான்.

கேள்வி: பொங்கல் படம் என்கிறார்கள், நாலைந்து நாள் முந்தி வியாழக்கிழமையே விடுகிறார்கள். நமக்கு அன்றைக்கு லீவா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: நம் லீவை யார் பார்த்தார்கள்? அவர்கள் பார்ப்பது தமிழ்நாட்டுக் கலண்டர். அங்கே பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று வரிசையாக லீவு, முந்திய வியாழனே விட்டால் ஒரு சனி ஞாயிறும் சேர்ந்து கிடைக்கும். நமக்கு இலங்கையில் தைப்பொங்கல் ஒரே நாள், மறுநாள் காலை தோட்டத்தில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கிற வரிசைக்கு) நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் தோட்டத்துச் சனத்துக்குத் தோதான படம் தீபாவளிப் படம்தான், முற்பணம் கைக்கு வரும் நேரம் (அதை மாதாமாதம் சம்பளத்தில் வெட்டும்போது வரும் வயிற்றெரிச்சல் தனிக்கதை).

கேள்வி: போஸ்டரில் போட்ட திகதியை நம்பி லீவு சொல்லலாமா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: அவசரப்படாதீர்கள். 2025 பொங்கலுக்கு என்று சொன்ன ‘விடாமுயற்சி’ கடைசி நேரத்தில் தள்ளிப்போய் பெப்ரவரி 6 அன்றுதான் வந்தது. அந்தக் காலியிடத்தில் யார் வந்து உட்கார்ந்தது தெரியுமா? 2013 பொங்கலுக்கு வரவேண்டிய ‘மத கஜ ராஜா’! 12 வருஷம் பெட்டிக்குள் கிடந்து, நடித்தவர்களில் சிலர் காலமாகியும் போய், 2025 ஜனவரி 12 அன்று வெளியாகி நல்ல வசூலும் பார்த்துவிட்டது. தணிக்கைச் சான்றிதழ் வந்து, தியேட்டரில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கட்டும், பிறகு கங்காணியிடம் லீவு கேட்கலாம்.