வரியை மிச்சம் பிடிக்க 18 லட்சத்துக்குக் கார் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் தனியாகத் தொழில் செய்யும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் நான். வீடு கட்டுபவர்களுக்கு டிசைன், டிராயிங் போட்டுக் கொடுத்து சைட் பார்க்கிறேன். ஆண்டுக்கு 32 லட்சம் ரூபாய் ஃபீஸ் வருகிறது. ஆபீஸ் வாடகை, டிராஃப்ட்ஸ்மேன் சம்பளம் என்று கார் நீங்கலாக 9 லட்சம் செலவு. 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், கணக்குப் புத்தகம் எழுதாமல் ஃபீஸில் பாதியை வருமானமாகக் காட்டி, புதிய வரி முறையில் ரிட்டர்ன் போடுகிறேன். போன மார்ச்சில் வரி கட்டப் பணம் இல்லாமல் மனைவியின் நகையை வைத்து 1.2 லட்சம் வாங்கினேன். இன்னும் மீட்கவில்லை. கார் ஷோரூமில் வேலை பார்க்கும் மச்சான், "18 லட்சத்துல ஒரு எஸ்யூவி எடுங்க மாமா, டீசல், வட்டி, தேய்மானம் எல்லாத்தையும் காட்டிட்டா வரியே வராது. அக்கா பேர்ல எடுத்தா வட்டியும் கொறையும்" என்கிறான். முன்பணத்துக்கு 3 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். மீதி 15 லட்சம் கடன். வேண்டாம் என்றால் வீட்டில் மனஸ்தாபம் வரும் போலிருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: இந்தக் காரை வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது காரைவிட அந்த நகைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

44ஏடிஏ-வில் 32 லட்சத்தில் பாதி, அதாவது 16 லட்சம், செலவாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. வாடகை, சம்பளம், டீசல், காரின் தேய்மானம் (கார் பழசாகி மதிப்பு குறைவதற்காக ஆண்டுதோறும் செலவாகக் காட்டும் தொகை) எல்லாம் அந்த 16 லட்சத்துக்குள் அடக்கம். அதற்கு மேல் காருக்கென்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. கழித்தே ஆக வேண்டுமென்றால் 44ஏடிஏ-வை விட்டு வெளியே வந்து, கணக்குப் புத்தகம் எழுதி, உண்மையான செலவைக் காட்ட வேண்டும். லாபம் பாதிக்குக் கீழே போனால் ஆடிட்டரின் தணிக்கை அறிக்கையும் வேண்டும். ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, வெளியே வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 18 லட்சம் காருக்கு முதல் ஆண்டுத் தேய்மானம் 15 சதவீதம், 2.7 லட்சம். அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் இதிலும் பாதிதான். 15 லட்சம் கடனை 9.5 சதவீதத்தில் 7 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 24,500. பலர் தவணை முழுவதும் செலவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அசல் செலவாகாது; வட்டி மட்டும்தான், முதல் ஆண்டில் ஏறக்குறைய 1.35 லட்சம். டீசல், இன்சூரன்ஸ், சர்வீஸ் 2 லட்சம் என்று வையுங்கள். ஆக மொத்தம் ஏறக்குறைய 6 லட்சம்.

குழந்தையைப் பள்ளியில் விட்டது, பழனிக்குப் போனது, ஊர்க் கல்யாணத்துக்குப் போனது எல்லாம் தொழில் செலவில் வராது. மூன்றில் இரண்டு பங்கு சைட்டுக்காக ஓடியது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டால் 4 லட்சம் தேறும். ஏற்கெனவே உள்ள 9 லட்சத்தோடு சேர்த்தால் 13 லட்சம். இப்போது எந்தக் கேள்வியும் இல்லாமல் உங்களுக்குக் கிடைப்பது 16 லட்சம்!

இன்றைய கணக்கில் 16 லட்சம் வருமானத்துக்கு, 2025-26 நிதியாண்டு விகிதப்படி, செஸ் சேர்த்து 1,24,800 ரூபாய் வரி. மச்சான் சொல்கிறபடி செய்தால் வருமானம் 19 லட்சமாகி, வரி 1,87,200. கார் வாங்கியதற்காக 62,400 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

அடுத்து எலெக்ட்ரிக் கார் என்பார்கள். அதற்குத் தேய்மானம் 40 சதவீதம்; இணையத்தில் இப்போது அதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். அதே 18 லட்சத்துக்கு 7.2 லட்சம் தேய்மானம், வட்டி, மற்ற செலவு ஒரு லட்சம் என்று வைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தாலும் 6.4 லட்சம்தான். மொத்தம் 15.4 லட்சம். அப்போதும் 16-ஐ எட்டவில்லை. இரண்டாம் ஆண்டில் அந்தத் தேய்மானமும் 4.3 லட்சமாக இறங்கிவிடும். காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 13 பேர் வரை அமரும் வண்டிக்கு, உங்கள் தொழிலில் அது கிடையாது.

மனைவி பெயரில் எடுக்கும் யோசனை இன்னும் மோசம். தேய்மானம் கேட்பவர் அந்தக் காருக்கு உரிமையாளராக இருக்க வேண்டும். அரை சதவீதம்கூடத் தேறாத வட்டிச் சலுகைக்காக, பின்னாளில் கேட்கக்கூடிய உரிமையையும் இழப்பீர்கள்.

இப்போது நகை. 32 லட்சம் சம்பாதிக்கும் ஒருவர் 1.2 லட்சம் வரிக்காக நகையை ஏன் வைக்கிறார்? உங்கள் வாடிக்கையாளர்கள் வீடு கட்டும் தனிநபர்கள். கம்பெனிகள் போல 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரியை முன்கூட்டியே, பிடித்துக்கொண்டு அவர்கள் ஃபீஸ் தருவதில்லை. முழுத் தொகையும் கைக்கு வருகிறது, வந்தது முழுவதையும் உங்களுடையது என்று செலவழிக்கிறீர்கள். 44ஏடிஏ-வில் மார்ச் 15-க்குள் மொத்த அட்வான்ஸ் டாக்ஸையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும் என்பதால் அன்றைக்கு அது பெரிய இடியாக விழுகிறது. உங்களைக் கார் வரைக்கும் இழுத்து வந்தது அந்த மார்ச் மாதப் பயம்தான். வரியின் அளவைப் பாருங்கள்: வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாய் ஃபீஸுக்கும் நாலு ரூபாய்கூட வரவில்லை.

ஆகவே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஃபீஸ் வருகிற அன்றைக்கே அதில் 4 சதவீதத்தை மாற்றிவிடுங்கள். 50,000 வந்தால் 2,000. ஆண்டு முடிவில் 1.28 லட்சம் இருக்கும், வரி 1.25 லட்சம். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டும் வேண்டாம், யுபிஐ-யிலும் இணைக்க வேண்டாம். ஃபீஸோடு வசூலிக்கும் ஜிஎஸ்டி வேறு. அதை இதில் கலக்காதீர்கள்.

கையில் 3 லட்சத்தை வைத்துக்கொண்டு நகைக்கு வட்டி கட்டுவது எனக்குப் புரியவேயில்லை. இந்த வாரமே 1.2 லட்சத்தையும் வட்டியையும் கட்டி நகையை மீட்டு வீட்டில் கொடுங்கள். மீதியிலிருந்து வரும் மார்ச்சுக்கான வரியை ஒதுக்குங்கள். அதன் பிறகும் சுமார் அரை லட்சம் மிஞ்சும். இப்போது ஓட்டும் பழைய காரின் டயர், கிளட்ச் வேலைக்கு அது போதும். மனஸ்தாபம் பற்றி எழுதியிருந்தீர்கள். மச்சானிடம் பேசுவதற்கு முன் மனைவியிடம் நகையைக் கொடுத்து, மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். ஏழு ஆண்டுகளில் அந்தக் கடனுக்கு வட்டி மட்டும் 5.5 லட்சத்துக்கு மேல் போகும் என்பதையும் சொல்லுங்கள். தம்பியிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதை அவரே சொல்லிக்கொள்வார்.

பழைய கார் சைட் வழியில் அடிக்கடி நின்றுபோகிறது என்றால் கதை வேறு. தொழிலுக்கு வண்டி தேவைதான். அப்போது 8, 9 லட்சத்துக்குள், பாதியாவது கைப்பணம் போட்டு, உங்கள் பெயரிலேயே எடுங்கள். மச்சானின் ஷோரூமிலேயே எடுக்கலாம்.